நல்ல இடம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ ரோட்டிலிருந்து காப்பாற்றி என் தலையில் கட்டிய நாய்க்கு ஒருவழியாக நல்ல இடம் கிடைத்துவிட்டது. அதை வளர்க்கக் கேட்டு வந்த புருஷன் பெண்டாட்டியை நீ போனில் குடைந்ததெல்லாம் ஸ்பீக்கரில் வீடு முழுக்கக் கேட்டது.

"தனியா பூட்டிட்டுப் போக மாட்டீங்களே? படுத்த இடத்துலயே ஒண்ணுக்குப் போனா அடிக்க மாட்டீங்களே? வயசாயிடுச்சுன்னு விரட்டிட மாட்டீங்களே?"

பாவம், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள்.

நீ போனை வைத்ததும் அம்மா உள்ளறையிலிருந்து வந்தாள். தலையை வாரி, துணிமணியைப் பையில் கட்டி எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"கிளம்பலாமா? நான் ரொம்பச் சாப்பிட மாட்டேன்" என்றாள் அவர்களிடம்.

அவர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அம்மா இன்னும் பையைப் பிரிக்கவில்லை. "எங்கிட்ட என்னடா குறை கண்டாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். உன் அண்ணியும் எத்தனை நாள்தான் பொறுப்பாள்?

நாளைக் காலை அம்மாவை உன் ஊருக்கு வண்டி ஏற்றிவிடுகிறேன். பயப்படாதே, நீ கேட்ட கேள்விகளை நான் உன்னிடம் கேட்கப்போவதில்லை.

நாய்க்கு நீ வாங்கித் தந்த மெத்தையையும் கூடவே அனுப்புகிறேன். இப்போதெல்லாம் அதில் படுத்தால்தான் அம்மாவுக்குத் தூக்கம் வருகிறது.

இப்படிக்கு,
உன் அண்ணன்