விளக்கேற்றுபவனுக்கு நான் வழங்கிய தீர்ப்பு

பெருமதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் எம்மை விட்டுப் பிரிந்து பதினான்கு மாதங்கள் சென்ற பின்னரே இம்மடலை எழுத அமர்ந்திருக்கிறேன். தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன். தங்கள் தேவாலயத்தில் நான் வாசித்த இரங்கலுரை ஊருக்கானது. தங்களுக்கென எழுத வேண்டியதோ ஒரு குற்ற ஒப்புதல். அக்குற்றத்தின் முழு அளவும் கடந்த வாரம்தான் எனக்கே தெரியவந்தது.

நம் செயின்ட்-மிஷேல் நூலகத்தின் கதவில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். அதிலிருந்த படத்தில், தோளில் ஏணியும் கையில் நீண்ட கோலுமாக ஒரு மெலிந்த மனிதன். பார்த்தவுடன் அடையாளம் கண்டேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நாம் இருவரும் பார்த்த பழைய பிரெஞ்சுப் படம். தெருவிளக்கு ஏற்றுபவன் ஊரின் பெரிய மனிதரைக் கொன்றுவிட்டு, விளக்குகள் சொல்லித்தான் செய்தேன் என்பானே, அந்தப் படம்.

நூலகத்தின் சனிக்கிழமைப் பிற்பகல் படக்காட்சிகளில் நமக்கென்று பின்வரிசையில் இரண்டு இருக்கைகள் இருந்தன. நான் தங்கள் காதோடு தமிழில் சொல்லிக்கொண்டு வருவேன். தாங்கள் சத்தம் வரக்கூடாதென்று வீட்டிலேயே கோது நீக்கிய கச்சான் கடலையைக் கைப்பையில் கொண்டுவருவீர்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். டோர்வல் விமான நிலையத்தில் தரை துடைத்தபடி, அறிவித்தல்களையும் ஒரு பழைய அகராதியையும் வைத்துப் பிரெஞ்சைத் தானாகக் கற்றவள். அந்த இருட்டில் தங்கள் காதருகே இருக்கும்போது நான் ஒரு பேராசிரியை.

“இவன் மெய்யாப் பைத்தியமா, நடிக்கிறானா புள்ள?” என்று கேட்டீர்கள்.

“பொறுங்கோ அக்கா. ரெண்டு டொக்டர்மாரும் அதுக்குத்தான் சண்டை பிடிக்கினம்.”

“ராவையில நித்திர வருதா எண்டு அவனுக்கிட்ட ஒருத்தரும் கேக்கல்லயேகா.”

பின்னர் நீதவான் எழுந்து நெடுநேரம் பேசினார். பழங்காலச் சட்டமொழி. மூன்று சொற்களில் ஒன்றுகூட எனக்குப் பிடிபடவில்லை. தாங்கள் முழங்கையால் இடித்து, “என்ன சொல்றாரு?” என்றீர்கள். விளங்கவில்லை என்று சொல்ல என் நா ஒருபோதும் பழகியதில்லை. ஆகவே தயங்காமல் சொன்னேன்.

“பைத்தியம் எண்டு ஒத்துக்கொண்டாச்சு அக்கா. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினம்.”

அடுத்த காட்சியில் அவனை ஒரு முக்காலியில் அமர்த்தி, சட்டைக் கொலரைக் கத்தரிக்கோலால் வெட்டினார்கள். “இது என்னத்துக்கு?” என்றீர்கள். ஆஸ்பத்திரி உடுப்பு மாற்றுகிறார்கள் என்று அதற்கும் விளக்கம் கூறினேன். தாங்கள் சற்று நேரம் என் முகத்தையே பார்த்தீர்கள். பிறகு என் உள்ளங்கையில் கச்சானை வைத்து, “சரியான தீர்ப்புகா” என்றீர்கள். அந்தச் சான்றிதழை ஒன்பது ஆண்டுகள் நெஞ்சில் மாட்டிக்கொண்டு திரிந்தேன்.

மறுநாள் பூசையில் நோயாளருக்கான மன்றாட்டுப் பெட்டியில் “விளக்கேத்துற தம்பி” என்று எழுதிப் போட்டீர்கள். யார் இவர் என்று குருவானவர் கேட்டபோது, கண் இமைக்காமல் “தூரத்துச் சொந்தம், ஃபாதர்” என்றீர்கள். அதன் பின்னும் மாதந்தோறும் போட்டீர்கள்.

“படத்தில வாறவனுக்கெல்லாம் மன்றாட்டோ?” என்று நான் பகிடி பண்ணினால், “நீ தேருக்கு ரோட்டில தேங்கா உடைக்கிறாய், நான் ஏதும் கேட்டனா?” என்று வாயடைப்பீர்கள்.

சென்ற சனிக்கிழமை தனியே போய் அதே படத்தைப் பார்த்தேன். இம்முறை திரையின் கீழே வசனங்கள் எளிய பிரெஞ்சில் எழுத்தாகவும் ஓடின. நீதவான் சொன்னது என்ன தெரியுமா? அவன் நடிக்கிறான், ஆகவே மரண தண்டனை. கொலரை வெட்டியது கில்லட்டினின் கத்திக்குக் கழுத்தை ஒழுங்குசெய்ய. தலை போனவனுக்காகத் தாங்கள் ஆண்டுக்கணக்கில் சுகம் வேண்டியிருக்கிறீர்கள், என் பேச்சை நம்பி.

இதில் இன்னொரு சிக்கல். வரும் மாதம் முதல் நம் முதியோர் பத்துப் பேருக்கு அதே பின்வரிசையில் படங்களைத் தமிழில் சொல்லித்தர நூலகத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். பரிந்துரைத்தவர் தங்கள் மகள். என் வாழ்நாளில் புலமைக்காகக் கிடைத்த முதல் அழைப்பு அது. வாய் திறக்காமல் இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. இரண்டு இரவுகள் அதையும் யோசித்தேன் என்பதைத் தங்களிடம் மறைக்க மாட்டேன். மூன்றாம் நாள் பேருந்து மாறி மாறி தங்கள் மகள் குடியிருக்கும் இல்-பிசாருக்குப் போய், அவளிடம் அனைத்தையும் சொல்லி, “இந்த வேலைக்கு எனக்குத் தகுதியில்லை பிள்ளை” என்றேன்.

அவள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “அன்ரி, அம்மாக்கு அண்டைக்கே தெரியும்.”

“எப்பிடி?”

“இருபது வருசம் ஃபக்டரியில கொலர் தைச்சவ எல்லோ. உடுப்பு மாத்துறதெண்டா நல்ல சட்டையில ஒருத்தனும் கத்தரிக்கோல் வைக்கமாட்டான், இது கழுத்துக்குத்தான் எண்டு வீட்ட வந்து சொன்னவ.”

“அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்ல?”

“நானும் கேட்டன். அந்த நீதவான்ர தீர்ப்புத்தான் பிழை, அன்ரி குடுத்த தீர்ப்புத்தான் சரி எண்டு சொன்னவ.”

அக்கா, நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். மாறாக, தேநீர் ஆறும்வரை தங்கள் மகளோடு சேர்ந்து சிரித்தேன். இரண்டு மருத்துவர்களும் ஒரு நீதவானும் கூடி முடித்த வழக்கைத் தாங்கள் தனியாளாகத் திரும்ப எடுத்து, அவனை நோயாளர் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். பக்கத்து இருக்கையில் இருந்த என்னையும் தண்டிக்காமல் விட்டிருக்கிறீர்கள்.

“அப்ப வாற மாசம் வருவீங்கள்தானே?” என்று மகள் கேட்டாள். ஓம் என்றேன். எனக்கு நானே ஒரு நிபந்தனை விதித்திருக்கிறேன்: விளங்காத இடத்தில், வரிசை முழுவதற்கும் கேட்க, விளங்கவில்லை என்று சொல்வேன். பயிற்சியாக நேற்று தெப்பனர் என்று இங்கு சொல்லும் மூலைச் சில்லறைக் கடையின் கடைக்காரரிடம் பிரெஞ்சில் அதைச் சொல்லிப் பார்த்தேன். அவர் மகிழ்ந்துபோய் ஒரே விடயத்தை மூன்று முறை விளக்கினார். தொண்டையில் சற்று உறுத்துகிறதே தவிர, உயிருக்கு ஆபத்தில்லை.

இனி ஒன்று மட்டும் அறிய வேண்டியுள்ளது. அந்தப் படத்திற்குப் பின்னர் நாம் நாற்பது படங்களாவது பார்த்திருப்போம். அவற்றுள் எத்தனைக்கு நான் சொன்ன முடிவைத் தெரிந்துகொண்டே ஏற்றுக்கொண்டீர்கள்? மறைக்காமல் எழுதவும். பதிலை விரைவாக அனுப்பவும்.

இங்ஙனம்,
தங்கள் உடன்பிறவா அன்புத் தங்கை