அம்மாவாக ஐந்து நிமிடம்

ஜூலை 3, வியாழன்

கலைப்பிரிவில் நாடகம் எடுத்துச் சேர்ந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. இதுவரை சுவரைத் தள்ளினோம், கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தோம், நாற்காலிகளைத் தூக்கி இறக்கினோம். "நீ சேந்தது நாடகப் படிப்பா, மூட்டை தூக்குற படிப்பா?" என்று அக்கா கேட்கிறாள். இன்றுதான் ஒருவழியாக நடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் பள்ளியில் பதினோராம் வகுப்பு நாடகக்காரர்கள் வருடா வருடம் செய்வதுதானாம். பெயர் 'வீட்டு ஆள்'. வீட்டில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஒரு மாதம் கவனிக்க வேண்டும். பிறகு மேடையேறி ஐந்து நிமிடம் அந்த ஆளாகவே இருக்க வேண்டும். அவருடைய பொருள் ஒன்றை மட்டும் கொண்டுவரலாம். யார் என்று நாம் சொல்லக்கூடாது. பார்க்க வருவது யார்? எல்லாருடைய வீட்டு ஆட்களும்தான்!

ஒரு மாதமாம். எனக்கு எதற்கு ஒரு மாதம்? அம்மாவை நான் தூக்கத்தில்கூடச் செய்வேன்.

ஜூலை 4, வெள்ளி

அம்மா மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிறாள். நாள் முழுக்க நின்றபடி பேச்சு, வீட்டுக்கு வந்தும் வாய் ஓயாது. கதவைத் திறக்கும்போதே, "இந்த வீட்ல யாரு கரண்டுக் கம்பெனி வெச்சிருக்கீங்க? எல்லா லைட்டும் எரியுது!" சாப்பிட உட்கார்ந்தால், அன்றைக்குக் கடைக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் அம்மாவின் தொண்டை வழியாக எங்கள் மேசைக்கு வந்துவிடுவார்கள்.

இன்றைக்கு ஒரு பெரியவர். "அந்த மாத்திரை குடும்மா." எந்த மாத்திரை சார்? "வெள்ளையா இருக்கும்." சார், கடையில பாதி வெள்ளைதான். "வட்டமா இருக்கும்மா!" கடைசியில் மாதிரிக்கு ஒன்று வைத்திருக்கிறேன் என்று பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாராம். சட்டைப் பட்டன்.

அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. அம்மா சிரிக்கும்போது பக்கத்தில் இருப்பவரை அடிப்பாள், அதனால் அந்த நாற்காலி எப்போதும் அப்பாவுக்குத்தான். வேன் ஓட்டி ஓட்டி முதுகு மரத்துப் போய்விட்டது, பரவாயில்லை என்பார்.

ஜூலை 9, புதன்

முன்னோட்டம். அம்மாவின் பழைய கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சித்தியோடு போனில் பேசுவதைச் செய்தேன். "ஹலோ! கேக்குதா? எனக்கு நல்லாக் கேக்குது, உனக்குக் கேக்குதா?" என்று ஆரம்பித்ததுமே வகுப்பு உருண்டது. சிரித்துக்கொண்டே பக்கத்தில் நின்ற பையனை ஒரு போடு போட்டேன். சுருட்டை சிரிக்கவும் முடியாமல் போனை ஆட்டாமல் பிடிக்கவும் முடியாமல் படம் எடுத்தாள். சுருட்டை என் உயிர்த்தோழி, தலைமுடியால் வந்த பெயர்.

நாடக டீச்சரும் சிரித்தார். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "குரல் பிரமாதம். அவங்க பேசாதப்போ என்ன பண்ணுவாங்க?" என்றார்.

"பேசாம இருக்கவே மாட்டாங்க டீச்சர்!"

மறுபடியும் சிரிப்பு. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ நீ இன்னும் பாக்கல."

நாற்பது பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தால் அது நடிப்பு இல்லையா? இந்த டீச்சருக்கு என்னதான் வேண்டும்? புவியியலும் இவர்தான் எடுக்கிறார், அதை நடத்தி நடத்தி நம்மையும் வரைபடம் மாதிரி பார்க்கிறார்.

ஜூலை 11, வெள்ளி

செத்தேன்.

சுருட்டை அந்தப் படத்தை வீட்டில் காட்டியிருக்கிறாள். அவள் அம்மா இன்று இருமல் மருந்து வாங்கப் போன இடத்தில், "உங்க பொண்ணு உங்கள அப்படியே உரிச்சு வெச்சிருக்கா, பாருங்க!" என்று கவுண்டரில் வைத்து முழுச் சத்தத்தில் ஓடவிட்டிருக்கிறார். நல்ல மனசோடுதான். வரிசையில் நின்றவர்கள், கூட வேலை செய்பவர்கள், எல்லாரும் சிரிப்பு. முதலாளி உள்ளேயிருந்து வந்து, "அப்போ வீட்லயும் இப்படித்தானா?" என்று கேட்டாராம்.

அக்கா அப்போது கடையில்தான் இருந்தாள். அவள்தான் சொன்னாள்.

"அம்மா என்ன பண்ணாங்க?"

"சிரிச்சாங்க. ஆனா யாரையும் அடிக்கலடி."

வீட்டுக்கு வந்த அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "சாப்ட்டியா?" என்றாள். அவ்வளவு சின்னக் குரல் அம்மாவிடம் இருக்கிறது என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

ஜூலை 14, திங்கள்

சித்தி போன் செய்தால் அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். லைட் எல்லாம் எரிந்தபடி இருக்கிறது, யாரும் கத்தவில்லை. அப்பா சாப்பிடும்போது, "என்ன, இன்னைக்கு யாரு வந்தா கடைக்கு?" என்றார்.

"யாரும் வரல."

மருந்துக்கடைக்கு யாருமே வரலையாம். ஊர்ல இருக்கறவங்க எல்லாருக்கும் ஒடம்பு சரியாயிடுச்சா? நாலு பேரும் தட்டைப் பாத்துக்கிட்டே சாப்ட்டோம். நான்தான் பண்ணேன். நான்தான் அவ வாயை அடைச்சேன். இத எப்படித் திருப்பித் தர்றது?

ஜூலை 15, செவ்வாய்

மன்னிப்புக் கேட்டேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எதுக்குடி மன்னிப்பு? நல்லாத்தான் பண்ணியிருந்த. இவ்ளோ சத்தமாப் பேசுறேன்னு எனக்கே தெரியல, அவ்ளோதான்."

ஜூலை 16, புதன்

ஆளை மாற்றிக்கொள்கிறேன், அப்பாவைச் செய்கிறேன் என்று டீச்சரிடம் சொன்னேன். "செய்" என்றார்.

ஜூலை 17, வியாழன்

வகுப்பில் செய்து பார்த்தேன், எனக்கு அப்பா நடிப்பில் வரவே இல்லை. மூன்று நிமிடம் முடிந்ததும் சுருட்டை, "யாருடி இது, பஸ்ஸுக்கு நிக்கறவரா?" என்று கேட்டாள். அவளோடு பேசுவதில்லை என்று நான் இருக்கும்போது இப்படி ஒரு கேள்வி. சிரித்துத் தொலைத்தேன். அவள் அழுதுவிட்டாள். "எங்கம்மாவுக்கு வாய் நிக்காதுடி, சத்தியமா நான் காட்டினதோட சரி." சரி, போகட்டும்.

ஜூலை 21, திங்கள்

சாவியை மறந்துவிட்டுப் பள்ளிக்குப் போயிருந்தேன். வீடு பூட்டிக் கிடந்தது. எங்களுடையது இரண்டாவது மாடி. மேலே மொட்டை மாடிக்குப் போகிற படியில், கைப்பிடிக் கம்பிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். அம்மா ஏறி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கூப்பிடத்தான் நினைத்தேன்.

கதவுக்கு முன்னால் வந்து நின்றாள். சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். ஒரு செருப்பைக் கழற்றி, வெறும் காலை மற்றக் காலின் மேல் வைத்து அழுத்தினாள். பிறகு அடுத்த கால். நெற்றியைக் கதவில் சாய்த்துக் கண்ணை மூடினாள். அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. வயதான முகம். கைக்குட்டையால் துடைத்து, கன்னத்தை இரண்டு தட்டுத் தட்டி, முதுகை நிமிர்த்தி, எங்களுக்குத் தெரிந்த அம்மாவாக ஆனாள். பூட்டைத் திறந்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

எத்தனை வருஷமா இப்படி வெளிய நின்னு தன்னைச் சரி பண்ணிக்கிட்டு வர்றா? நாங்க என்னவோ பொம்மைக்குச் சாவி குடுத்து விட்ட மாதிரி, அலுப்பே வராதுன்னு நெனச்சுக்கிட்டு—

கொஞ்ச நேரம் கழித்துத்தான் போய்க் கதவைத் தட்டினேன்.

ஜூலை 24, வியாழன்

இந்த வாரம் தினமும் படியில்தான் உட்காருகிறேன். திருட்டு வேலை, தெரியும்.

இன்று அம்மா கதவில் சாய்ந்துகொண்டு தனக்குத் தானே பேசினாள். மெதுவாக, இரண்டு குரலில். ஓர் ஆள் இருமுகிறார். என்ன சார் வேணும்? இருமல். இருமலுக்கா சார்? இருமல். தலையாட்டுங்க சார், போதும். அவர் தலையாட்டுகிறார், அதற்கும் இருமல் வருகிறது. அம்மாவின் தோள் குலுங்கியது. சிரிப்பு தாங்காமல் கதவையே ஒரு அடி அடித்தாள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

உள்ளே போனாள். சாப்பாட்டு நேரத்தில் அப்பா கேட்டார். "யாரும் வரல" என்றாள்.



ஜூலை 25, வெள்ளி

டீச்சரிடம் போய் மறுபடியும் அம்மாவையே செய்கிறேன் என்றேன். நான் பார்த்ததைச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் மூக்கைச் சிந்திவிட்டு, "அவங்ககிட்ட கேட்டியா?" என்றார்.

கேட்கவில்லை. போன தடவையும் கேட்கவில்லை. எனக்கு அது தோன்றவே இல்லையே!

ஜூலை 27, ஞாயிறு

கேட்டுவிட்டேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"மறுபடியுமா?"

"அந்த மாதிரி இல்லம்மா. நீ வேலை முடிஞ்சு வந்து கதவுக்கு வெளிய நிக்கறது."

மடிப்பது நின்றுவிட்டது. "அத எங்க பாத்த?"

"படியில இருந்து. நீ வேணாம்னா வேணாம். நான் அன்னைக்குப் போகவே மாட்டேன். சும்மா சொல்லலம்மா."

கொஞ்ச நேரம் ஒரு துண்டையே மடித்துப் பிரித்து மடித்தாள். பிறகு, "பண்ணிக் காட்டு" என்றாள். "இங்கயே. நான் பாக்காம ஊருக்குக் காட்ட வேணாம்."

அறைக் கதவை வீட்டுக் கதவாக வைத்துக்கொண்டு செய்தேன். அக்கா நகம் வெட்டுவதை நிறுத்தினாள். அப்பா டிவியை அணைத்தார். நாற்பது பேர் முன்னால் வராத நடுக்கம் இந்த மூன்று பேர் முன்னால் வந்தது. முடித்துவிட்டு நிமிர்ந்தேன். அப்பா, "இப்படியா தெனமும் நிக்கற?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"பைய அப்படியாடி புடிப்பேன்? உள்ள டிபன் பாக்ஸ் இருக்கு, கனக்கும். தோளை எறக்கு. இன்னும். ஆங். செருப்பக் கைய வெச்சுக் கழட்டாத, அலுத்துப் போனவளுக்குக் குனிய முடியுமா? காலாலயே தள்ளு."

மூன்று தடவை செய்யவைத்தாள். டீச்சரே தேவலை.

"உள்ள போனதும் என்ன சொல்லப்போற?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல. நீ ஒண்ணும் சொல்றதில்லையே இப்போ."

துணிக் கட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அது நல்லா இல்ல. ஏதாச்சும் கத்து."

ஆகஸ்ட் 9, சனி

முடிந்தது! எழுதும் அவசரத்தில் எழுத்து கோணலாகப் போகிறது.

பள்ளியின் பெரிய கூடம் நிறைந்துவிட்டது. தரையில் ஒட்டிய வெள்ளை டேப்தான் கதவு. எனக்கு முன்னால் சுருட்டை அவள் மாமாவைச் செய்து ஏகப்பட்ட கைதட்டல் வாங்கிவிட்டாள். நான் அம்மாவின் கைப்பையோடு போய் நின்றேன். புதுப் பை, தினமும் கொண்டுபோவது. கேட்டு வாங்கியது.

நின்றேன். ஒன்றும் செய்யாமல். கூடத்தில் யாரோ இருமினார்கள், பிறகு அதுவும் இல்லை. சிரிக்கவைக்கும் வழி ஒன்று எப்போதும் என் நாக்கு நுனியில் இருக்கும், அதைத் தொடவில்லை. காலை மாற்றினேன். நெற்றியைச் சாய்த்தேன். அந்த அமைதியில் பயமே வரவில்லை, அதுதான் ஆச்சரியம். அம்மாவின் அலுப்பு என் முதுகில் வந்து உட்கார்ந்தது. இருமல்காரர் வந்தபோது சிரித்தார்கள், ஆனால் மெதுவாக, அவளோடு சேர்ந்து சிரிப்பது போல. முகத்தைத் துடைத்து, நிமிர்ந்து, டேப்பைத் தாண்டி ஒரு கால் வைத்து, இருந்த மூச்சையெல்லாம் கூட்டிக் கத்தினேன்: "இந்த வீட்ல யாரு கரண்டுக் கம்பெனி வெச்சிருக்கீங்க?"

விளக்கை அணைத்தார்கள். அப்பா ஒரு நொடி முந்தியே கைதட்டிவிட்டார், அவர் எங்கேயும் அப்படித்தான்.

வெளியே வரும்போது வாசலில் கூட்டம். யாரோ ஒரு பெண்மணி பக்கத்தில் இருந்தவரிடம், "அந்தப் பொண்ணு கதவுகிட்ட நின்னுச்சே, எங்க அக்காவேதாங்க அது, அப்படியே" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா நடந்துகொண்டிருந்தவள் நின்றாள். திரும்பினாள். கூடமே திரும்பிப் பார்க்கிற குரலில் சொன்னாள்:

"உங்க அக்கா இல்லங்க, அது நான்!"

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா திடீரென்று எழுந்து, நாற்காலியின் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்தாள். கம்பிகளுக்கு நடுவே ஒரு கண்ணை மட்டும் வைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கையால் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து, மற்றக் கையால் வாயைப் பொத்தினாள். கண் மட்டும் உருண்டது.

அக்காவுக்குத்தான் முதலில் புரிந்தது. மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஐயோ, நான் அப்படியா உட்கார்ந்திருந்தேன்!

"உனக்குத் தெரியுமா? எப்போலேருந்து?"

"மொத நாள் தெரியாது. அப்புறம் தெரியாம எப்படி? கதவு பூட்டியிருக்கு, உன் செருப்பு வெளிய கெடக்கு. பெரிய துப்பறியும் ஆளு!"

"அப்போ அன்னைக்கு 'எங்க பாத்த'ன்னு கேட்டது சும்மாவா? அந்த இருமல்காரர்?"

அம்மா எழுந்து வந்து உட்கார்ந்து தட்டை இழுத்துக்கொண்டாள்.

"அப்படி யாரும் வரலடி. அஞ்சு நிமிஷம் வேணும்னு உங்கக்கா சொன்னா. நான் சும்மாவே நின்னுட்டுப் போயிட்டா நீ என்னத்த வெச்சுப் பண்ணுவ?"

கதவில் சாய்ந்து இருமிக் காட்டிய அன்றைக்கு அவள் என்னோடு சரியாகப் பேசிக்கூட ஆரம்பித்திருக்கவில்லை.