ஷூவைக் கழற்றி வைத்த இடம்

நவம்பர் 13, 1984. செவ்வாய்

தூறல். லாண்டரி முடிந்தது. பருப்பு வேகப் போட வேண்டும்.

கீழ் வீட்டுக்காரர் மறுபடி துடைப்பக் கட்டையால் தன் சீலிங்கை இடித்தார். வயலினில் வர்ணம் பாதி கூடத் தாண்டவில்லை. இன்னொரு புகார் வந்தால் அபார்ட்மென்டைக் காலி செய்யச் சொல்வார்களாம். அதனால் என் கணவர் ஆபீஸ் கிளம்பியதும் வயலினோடு ரயில்வே ஸ்டேஷன் சுரங்கப்பாதைக்கு. ஐந்தாவது நாள். அவருக்குத் தெரியாது.

தாளை விரித்து, ஷூ, சாக்ஸ் இரண்டையும் கழற்றிப் பின்னால் தள்ளி, சம்மணம். ஷூ போட்ட காலில் வயலினைச் சாய்க்க எனக்குக் கை வராது. கல்யாணி ராகம். என்ன எதிரொலி! ஒரு மணி நேரம் மனுஷியாக இருந்தேன்.

பெட்டியை மூடித்தான் வைக்கிறேன். அப்படியும் தாளில் சில்லறை போடுகிறார்கள். என் விசாவில் வேலை செய்யக் கூடாது. இது சம்பாத்தியம் ஆகுமோ? பயந்து எல்லாவற்றையும் ஸ்டேஷன் கூட்டும் வால்டரிடம் கொடுத்துவிட்டேன். அவர் என்னைப் பைத்தியம் என்று முடிவு கட்டியிருப்பார்.

நவம்பர் 15, வியாழன்

குளிர். விரல் விறைப்பு. ஒரு வெள்ளைக்கார அம்மாள் என் வெறுங்காலைப் பார்த்துக் கண் கலங்கி, புதுக் கம்பளி சாக்ஸ் வைத்துவிட்டுப் போனாள். தாயே, ஷூ பின்னால்தான் இருக்கிறது! வாத்தியத்தைத் தொடும்போது போடக் கூடாது என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? தேங்க்யூ.

சாக்ஸ் சிவப்பு. அலமாரியில் புடவைக்கு அடியில்.

நவம்பர் 17, சனி

மீனா ஆன்ட்டி வீட்டு பேஸ்மென்டில் பஜனை. சுண்டலில் உப்பு இல்லை.

ஆன்ட்டி சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். வியாழனன்று அங்கிளை ரயிலுக்கு விட வந்தாராம். என்னையும் தாளில் கிடந்த சில்லறையையும் பார்த்திருக்கிறார். ரகசியக் குரலில்:

"அவன் செலவுக்குக் குடுக்கறதில்லையாம்மா? எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

வாசிக்கத்தான் போனேன் என்றேன். நம்பவில்லை. தெருவில் உட்கார்ந்து வாசித்தால் நம் ஆட்களுக்கு ஒரே அர்த்தம்தான். பெரிய டப்பா நிறைய புளியோதரை கட்டிக் கொடுத்தார். அவமானம்.

அதற்குள் அங்கிள் இவரிடம் சொல்லியாகிவிட்டது. காரில் கத்தவில்லை. திரும்ப வேண்டிய எக்ஸிட்டைத் தவறவிட்டார்.

"கிரீன் கார்டு வர்ற நேரம். போலீஸ் பேர் கேட்டா என்ன சொல்லுவே? ஆறே மாசம். பொறுத்துக்க மாட்டியா?"

ஏப்ரலிலும் இதே ஆறு மாசம்தான் சொன்னார்.

நவம்பர் 19, திங்கள்

புல்லெல்லாம் உறைபனி. கட்டிலுக்கு அடியில் வயலின் இல்லை. காலையிலேயே கார் டிக்கியில் வைத்து எடுத்துப் போய்விட்டார்.

ஆபீசுக்கு போன். கோபம்தான், பயமில்லை.

"டிக்கியில இருந்தா குளிர்ல விரிசல் விட்டுடும். உள்ள எடுத்து வச்சுக்கோங்க. திருப்பித் தரலேன்னாலும் பரவாயில்ல."

மீட்டிங் என்று வைத்துவிட்டார். அரை மணியில் அவரே கூப்பிட்டார். மேஜைக்கு அடியில் வைத்திருக்கிறாராம். "நான் வாசிப்பேன்னு நினைச்சு எல்லாரும் கேக்கறாங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டு, குக்கர் சத்தத்தில் அழுதேன்.

பால் இல்லை. அவரிடம் சொல்ல வேண்டும்.

நவம்பர் 20, செவ்வாய்

வெயில். கார் ஓட்டத் தெரியாதவளுக்கு நடந்து எட்டுகிற இடம் ஸ்டேஷன் ஒன்றுதான். சும்மா போனேன்.

என் மூலையை வால்டர் கூட்டி, ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரைத் தடிமனாக விரித்து வைத்திருந்தார். நேற்றும் போட்டு வைத்தாராம். என் வெறுங்கையைப் பார்த்து, எங்கே என்று கேட்டார். ரிப்பேர் என்றேன். எப்போது வரும் என்றார். ஆறு மாசம்.

விரித்த தாளை வீணாக்க மனசில்லை. உட்கார்ந்தேன். கோட்டுக் கையின் மேல் விரல் மட்டும் ஓட, வர்ணம் முழுதும் போயிற்று.

ஷூவைக் கழற்றவில்லை.