எல்லைப் புளியமரத்துப் பங்கு

நெல்லிக்கொல்லை,
மார்கழி, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

நீலாவதி எழுதிக்கொள்வது. நானும் நம் அருணாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். குடகில் குளிர் எப்படி இருக்கிறது, காப்பிப் பழம் பறிப்பு எந்த மட்டில் இருக்கிறது என்று போனில் சொல்லுங்கள். வடிவு அக்காவும் உங்கள் எஸ்டேட்டுக்குத்தான் பழம் பறிக்க வருகிறாள். அவள் கையில்தான் இந்தக் கடிதத்தைக் கொடுத்திருக்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நீங்கள் பேசுவது மேஸ்திரியின் போனில். மேஸ்திரி நம் ஊர் ரங்கனுக்கு மைத்துனன். நாம் பேசி முடிக்கும் வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அதனால்தான் போன வாரம், ‘இன்னா ஒரு மாதிரி பேசறே’ என்று நீங்கள் கேட்டபோது சளி பிடித்திருக்கிறது என்றேன். சளியும் இல்லை, ஒன்றும் இல்லை. பயம்.

முழுவதும் படியுங்கள். பாதியில் எழுந்து பஸ் ஏறிவிடாதீர்கள். உங்கள் கோபம் எனக்குத் தெரியாததா? நம் கீழ்க்கொல்லை வழியாக வேட்டைக்காரர்கள் வந்து போகிறார்கள். துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். பொங்கலுக்கு நீங்கள் ஒன்றும் தெரியாமல் வந்து அவர்கள் முன்னால் நின்றால் உங்கள் உயிருக்கு என்ன ஆகும் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். சாமை சுமாராக விளைந்தது. மேல்கொல்லையில் அவரை நன்றாகக் காய்க்கிறது. அருணா அரைப் பரீட்சை நன்றாக எழுதியிருப்பதாகச் சொல்கிறாள். கணக்கில் மட்டும் உங்களைப் போல இருப்பாள் என்று நினைக்கிறேன்.

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் காலையில் கீழ்க்கொல்லைக்குப் போயிருந்தேன். நம் நிலம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் நிற்கிறதே புளியமரம், அதன் தாழ்ந்த கிளையில் தேக்கிலையில் சுற்றி, காட்டுக்கொடியால் கட்டிய பொட்டலம் ஒன்று தொங்கியது. பிரித்துப் பார்த்தால் தொடைக்கறி. கோபால்சாமி பெரியப்பா வீட்டில் அந்த வாரம் பன்றி அடிப்பதாகப் பேச்சு இருந்தது. நம் வீடு வரை ஏறி வர அலுத்துக்கொண்டு, நம் பங்கை வழியில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். மிளகு தூக்கலாக வைத்துக் குழம்பு வைத்தேன். அருணா திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கறி வேகத்தான் வெகுநேரம் ஆனது. பெரியப்பா கிழட்டுப் பன்றியை நம் தலையில் கட்டிவிட்டார் என்று சிரித்துக்கொண்டோம்.

அந்த வாரமே அந்த வேட்டைக்காரர்களைப் பார்த்தேன். விடிந்து வெகுநேரம் ஆகியும் பனி விலகவில்லை. அவரைக்காய் பறித்துவிட்டுக் கீழே இறங்கினால், சாமைத் தாளை மிதித்துக்கொண்டு ஆட்கள் ஏறி வருகிறார்கள். எல்லோரும் மலைக்குக் கீழிருந்து வந்த கீழ்நாட்டு ஆட்கள், நான் பார்த்தறியாத முகங்கள். தோளில் துப்பாக்கி. ஒருவன் சாக்கில் எதையோ இழுத்து வந்தான், நிலத்தில் ரத்தக் கோடு. அவர்களுக்கு முன்னால் வழிகாட்டி வந்தவன் ரங்கன். பயம் இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா? எங்கள் பட்டா நிலத்தில் உங்களுக்கு என்ன வேலை, பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வழி இது என்று கத்தினேன். அதற்கு ரங்கன், ‘இன்னா அண்ணி, பங்கு வாங்கித் தின்னுட்டு இப்ப வழி இல்லன்னா எப்படிங்க’ என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன் சிரிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொண்டான்.

நேராகப் பெரியப்பாவிடம் ஓடினேன். ஊர் வழக்குத் தீர்க்கிற ஊர்க்கவுண்டர் அவர்தானே. கறி அவர் வீட்டுக் கறியே இல்லை. அவர் வீட்டில் பன்றி அடிப்பதையே தள்ளிப் போட்டிருந்தார்கள். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். ‘வேட்டை நம்ம மண்ணுல வுழுந்தா மண்ணுக்கு ஒரு தொடைம்மா. அத எடுத்துச் சமைச்சுட்டா வருசம் முச்சூடும் அவங்களுக்கு அந்த மண்ணுல வழி உண்டு. காட்டிக் குடுக்கவும் கூடாது. வேணாம்னா தொடாம வுட்டுடணும், காக்கா கொத்திக்கும்’ என்றார். நான் அமிர்திப் பக்கத்தில் பிறந்தவள், எங்கள் ஊரில் இந்த வழக்கம் இல்லை. இத்தனை வருஷக் குடித்தனத்தில் உங்கள் பாட்டன் கரடியோடு கட்டிப் புரண்ட கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். இதை ஒரு தடவை சொல்லியிருக்கக்கூடாதா?

ரங்கன் என்ன செய்திருக்கிறான் பாருங்கள். கறியை ஓட்டல்களுக்கு விற்கிற கூட்டத்தை வெளியிலிருந்து கூட்டி வந்திருக்கிறான். அவர்களுக்கு வழி வேண்டும் என்பதற்காக நம் வழக்கத்தை எடுத்து எனக்குப் பொறி வைத்திருக்கிறான். ஆண்பிள்ளை இல்லாத வீடு, வெளியூர்க்காரி, கேட்காமல் எடுத்துச் சமைப்பாள் என்று தெரிந்துதான் கட்டினான்.

அதற்குப் பிறகு ஒரு நாள் வனத்துறைக்காரர் ஒருவர் வந்தார். வெடிச்சத்தம் கேட்டதா, யாராவது வந்தார்களா என்று மரியாதையாகத்தான் விசாரித்தார். பார்த்தால் சொல்லுங்கள் என்று நம்பர் கொடுத்தார். போகும்போது, ‘வேட்டையாடறது மட்டும் இல்லீங்க, கறி வாங்கிச் சமைச்சாலும் கேஸுதான்’ என்றார். அவர் பொதுவாகச் சொன்னார். நான்தான் சமைத்தே விட்டேனே. ஒன்றும் தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நான் உள்ளே போய்விட்டால் அருணாவை யார் பார்ப்பார்கள்?

இப்போது சொல்லப்போவதைக் கேட்டுப் பதறாதீர்கள். அருணாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலிலேயே சொல்லிவிட்டேன். ஒரு நாள் அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். ஜாக்கி வழக்கம்போல வாலை ஆட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் ஓடியது. எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் கருவாட்டு வாசனை அடிக்கும் உருண்டை ஒன்று கிடந்திருக்கிறது. பன்றிக்கு வைக்கிற அவுட்டுக்காய். உள்ளே வெடிமருந்து, கடித்தால் வெடிக்கும். நாய்க்கு அது எப்படித் தெரியும்? சத்தம் கேட்டு நான் ஓடினேன். ஓடும்போது என் பிள்ளையை எந்தக் கோலத்தில் பார்க்கப்போகிறேனோ என்று நினைத்தது இன்னும் நெஞ்சை விட்டுப் போகவில்லை. அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள். பாவாடையெல்லாம் ரத்தம். நாயின் ரத்தம். ஜாக்கிக்கு வாய் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அதைப் புதைத்துவிட்டேன். அன்றிலிருந்து அருணாவைத் தார்ச்சாலையைச் சுற்றி நானே கூட்டிப் போய் நானே கூட்டி வருகிறேன். வழியில் எது கிடந்தாலும் அவள் தொடுவதில்லை. கீழே விழுந்த நெல்லிக்காயைக்கூடத் தாண்டிப் போகிறாள்.

பெரியப்பாவிடம் அழுதேன். இதற்கு மாற்று ஒன்று உண்டு என்றார். ‘தின்ன பங்கைத் திருப்பி வெச்சுட்டா வழி மூடிப்போச்சுன்னு அர்த்தம். அதே மரம், அதே தொடை. ஆனா நம்ம வூட்டு உயிரா இருக்கணும்’ என்றார். நம் பட்டியில் இருப்பதெல்லாம் சினையாடும் குட்டியும்தானே, அறுக்கிற மாதிரி என்ன உயிர் இருக்கிறது? நீங்கள் நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும் என்று காளியம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடா ஒன்றுதான். மாமா, அதைத்தான் அறுத்தோம். பெரியப்பாவே வந்து அறுத்துக் கொடுத்தார். தொடையை நானே கட்டினேன். அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். வேறு கிடா வளர்த்துத் தருகிறேன், அது வரைக்கும் என் வீட்டுக்காரர் மேல் கண் வை என்று கும்பிட்டேன். கேட்டிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் நேர்ந்ததை எடுத்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

மறுநாள் தொடை மரத்தில் இல்லை. ரங்கன் எடுத்துக்கொண்டு போனதைப் பெரியப்பா வீட்டார் பார்த்திருக்கிறார்கள். வழி மூடிவிட்டது என்று நிம்மதியாக மூச்சு விட்டேன். கொஞ்ச நாள் சத்தமே இல்லை. பிறகு ஒரு சாயங்காலம், ஆட்டை ஓட்டி வரும்போது, முன்னை விடக் கிட்டத்தில் துப்பாக்கி வெடித்தது. காலையில் போய்ப் பார்த்தால் கொல்லைக் கொட்டகையின் தகரத்தில் சல்லடை போலப் பொத்தல்.

முந்தாநாள் ரங்கன் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. வாசலில் நின்றபடி மெதுவாகப் பேசினான். ‘பங்கைத் திருப்பி எடுத்துக்கினேன் அண்ணி, நான் இனிமே உங்க மண்ண மிதிக்க மாட்டேன். ஆனா அவங்களுக்கு இன்னா பங்கு, இன்னா மரம்? வழி தெரிஞ்சுபோச்சு. இப்ப என்னை வுட்டுட்டு அவங்களே வர்றாங்க’ என்றான். மாமா, நான் மூடியது ரங்கனுக்கு மட்டும்தான். அவன் கூட இருந்த வரைக்கும் எது வீடு, எது ஆட்டுப்பட்டி, பிள்ளை எந்த வழியில் போகிறாள் என்று சொல்லவாவது ஓர் ஆள் இருந்தான். இப்போது அதுவும் இல்லை.

அவன் அதோடு போயிருக்கலாம். திரும்பியவன் நின்று, ‘மாதையண்ணன் பொங்கலுக்கு வருதா’ என்று கேட்டான். எப்போதும் போலக் கொண்டைஊசி வளைவில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடை வழியாகத்தானே ஏறி வரும் என்றான். ‘பனில ஆளு எது, பன்னி எதுன்னு அவங்களுக்குத் தெரியாதுங்க’ என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். நம் மேல் அக்கறைப்பட்டுச் சொன்னானா, நீங்கள் வந்து வாய் திறந்தால் இதுதான் நடக்கும் என்று மிரட்டினானா, எனக்கு இன்னும் விளங்கவில்லை. இரண்டு நாளாக அவன் குரலை மனசுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்க்கிறேன். ஒரு நேரம் அப்படித் தோன்றுகிறது, ஒரு நேரம் இப்படித் தோன்றுகிறது.

‘அவரு இந்த வருசம் வரலைங்க, எஸ்டேட்டுல லீவு குடுக்கல’ என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்தது அதுதான். அன்றே தண்ணீர்க் குழாயடியிலும், கடையிலும், பெரியப்பா வீட்டிலும் அதையே சொன்னேன். யாராவது யாரிடமாவது சொல்லி அது அவர்கள் காதுக்குப் போகட்டும் என்று நினைத்தேன். ஊரில் ஒன்று, பிள்ளையிடம் ஒன்று சொன்னால் அவள் உளறிவிடுவாள் என்று அருணாவிடமும் அப்படியே சொன்னேன். சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்துப் படம் காட்ட வேண்டும் என்று எடுத்து வைத்திருந்தாளாம். அவள் அழுததைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் நெஞ்சு கல்லா என்று எனக்கே தெரியவில்லை.

வர வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதி எழுதி இங்கே வந்து நிற்கிறேன். எழுத முடியவில்லை. தனியாக இருந்து இருந்து எனக்குத் தெம்பு போய்விட்டது. இலை சரசரத்தால் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொள்கிறேன். நீங்கள் வந்தால் நாம் இரண்டு பேரும் பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு ஜமுனாமரத்தூர் வனத்துறை ஆபீசுக்குப் போய், நடந்தது எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். கறி தின்றதையும் சேர்த்தே சொல்லிவிடலாம். என்ன ஆனாலும் ஆகட்டும், நீங்கள் பக்கத்தில் நின்றால் சொல்வேன்.

அதனால் வாருங்கள் மாமா, மேஸ்திரியிடம் மட்டும் ஊருக்கு வருவதாக வாய் திறக்காதீர்கள். ஆனால் வளைவில் இறங்காதீர்கள், ஓடைப் பக்கம் தலை வைத்துப் படுக்காதீர்கள். பஸ்ஸில் கடைசி வரை வாருங்கள். பனி விலகி வெயில் வந்த பிறகு, தார்ச்சாலையில், கடைக்காரனிடம் நின்று பேசி, குழாயடியில் இருப்பவர்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஊரே பார்க்க நடந்து வாருங்கள். வரமாட்டார் என்று சொன்னாயே, பொய்க்காரி என்று ஊர் முழுக்க என்னைத் திட்டட்டும். அருணாவும் திட்டட்டும். அந்தத் திட்டைக் கேட்கத்தான் காத்திருக்கிறேன்.

அம்மன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நீலாவதி