உன் தலையில் நான் ஊற்றிய எண்ணெய்

ஆலங்குடி,
ஆவணி கடைசி வெள்ளி.

அன்பு மகள் தேவிப்ரியாவுக்கு, அப்பா குழந்தைசாமி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. நானும் உன் அம்மா சொர்ணவல்லியும் அம்மன் புண்ணியத்தில் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே கிளாஸ்கோவில் நீயும் மாப்பிள்ளை வெற்றிசெல்வனும் வயிற்றில் இருக்கிற என் பேரப்பிள்ளையும் குளிரில் நடுங்காமல் நேரத்துக்குச் சாப்பிட்டு நிம்மதியாக இருக்கிறீர்களா. கையில் போனை வைத்துக்கொண்டு அப்பா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். வாட்ஸ்அப்பில் மூன்று தடவை பேசிப் பதிவு பண்ணி மூன்று தடவையும் அழித்துவிட்டேன் ஆத்தா. முதல் தடவை கோபமாகப் பேசியது மாதிரி இருந்தது, இரண்டாவது தடவை செக்குச் சத்தத்தில் ஒன்றுமே விளங்கவில்லை, மூன்றாவது தடவை அழுகை வந்துவிட்டது. ஐப்பசியில் உனக்குத் தேதி சொல்லியிருப்பதால் அம்மா பதினைந்து நாளில் விமானம் ஏறுகிறாள், அவள் பெட்டியில் வத்தல், மிளகாய்ப் பொடிக்கு நடுவில் இதை வைத்து அனுப்புகிறேன்.

முதல் பிரசவம் தாய் வீட்டில் நடக்க வேண்டியது. லீவு கிடைக்கவில்லை என்று நீ அம்மாவிடம் சொன்னாய், அவளும் அதையே ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். லீவு காரணமில்லை, தைப் பொங்கலுக்கு வந்திருந்தபோது நான் பேசிய பேச்சுதான் காரணம் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். எட்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது ஓடிப்போய் நான்தான் முதலில் எடுப்பேன். நல்லா இருக்கேன்ப்பா, அம்மாட்ட குடுங்க என்பாய். அந்த ஒரு வரிக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் செக்கைக்கூட நிறுத்தி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன் என்று உனக்குத் தெரியாது. இப்போது அம்மா அங்கே வந்துவிட்டால் ஆறு மாதத்துக்கு இந்த வீட்டுக்கு நீ கூப்பிட வேண்டிய தேவையே இல்லை. அதை நினைத்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

பொங்கல் அன்றைக்கு நடந்ததை நான் மறக்கவில்லை. வீடு நிறையச் சொந்தக்காரர்கள், நான் புதிதாக ஆட்டிய தேங்காயெண்ணெயை வெள்ளைக் கேனில் ஊற்றி மாப்பிள்ளை கையில் கொடுத்தேன், நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய், அப்பா இனிமே அனுப்பாதீங்க, நான் மண்டையில எண்ணெய் வைக்கிறதே இல்ல, டாக்டர் வேணாம்ட்டாங்க, நீங்க அனுப்புனதெல்லாம் கொழம்புக்குத்தான் போவுதுன்னு. உன் பெரியப்பா வேறு, எண்ணெய்க்காரர் மகளுக்கே எண்ணெய் ஆகலையாப்பா என்று கெக்கெக்கே என்று சிரித்தார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, என் எண்ணெய் வேணாம்னா என் வீட்டுக்கு மட்டும் எதுக்கு வந்தேன்னு கேட்டுவிட்டேன். நீ துண்டால் தலையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாய், மறுநாளே மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பிவிட்டாய். எனக்கும் வீம்பு, பஸ் ஏற்றிவிடக்கூட வரவில்லை.

இப்போது மே மாதம் நடந்ததைச் சொல்கிறேன். உன் அண்ணன் சேரன் மகள் காவ்யா லீவுக்குத் திருச்சியிலிருந்து வந்திருந்தாள். அவளுக்கும் உன்னை மாதிரியே சுருட்டை முடி, நம் வீட்டில் உனக்கும் அவளுக்கும்தான் அது வாய்த்திருக்கிறது. வந்த நாளிலிருந்து தலையைச் சொறிந்துகொண்டே இருந்தாள், வகிட்டைப் பிரித்துப் பார்த்தால் செதில் செதிலாக, காதுக்குப் பின்னால் சிவந்து போய். முடியோ வைக்கோல் மாதிரி காய்ந்து கிடந்தது. நான் யாரு, உடனே முடிவு பண்ணிவிட்டேன், தாய்க்காரி எண்ணெயே வைக்கவில்லை, மண்டை காய்ந்துபோச்சு என்று. தினமும் ஒரு கரண்டி எண்ணெயை உச்சியில் ஊற்றித் தேய்த்து அப்படியே ஊறட்டும் என்று விட்டேன். பத்தே நாளில் நீர் வடிய ஆரம்பித்துவிட்டது, பிள்ளை தலையணையில் தலை வைக்க முடியாமல் குப்புறப் படுத்து அழுதாள். புதுக்கோட்டையில் தோல் டாக்டரம்மா ஒருவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அந்தம்மா பார்த்துவிட்டு, எண்ணெய் யாரு வச்சதுன்னு கேட்டார். நான்தாங்க, எங்க சொந்த செக்கு, ஒரு சொட்டு கலப்படம் கெடையாதுங்கன்னு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அய்யா, ஒங்க எண்ணெயில குத்தம் இல்ல, வச்ச எடந்தான் தப்பு, காஞ்சு கெடக்குறது முடி, மண்டை இல்ல என்றார். மண்டையில் தானாக ஊறுகிற எண்ணெய் நேரான முடியில் சரசரவென்று நுனிவரைக்கும் இறங்கிவிடுமாம், சுருட்டை முடியில் வளைவு வளைவாக இருப்பதால் இறங்க முடியாமல் அடியிலேயே தங்கிவிடுமாம், அதனால் மேலே முடி காய்ந்தும் கீழே தோல் பிசுபிசுத்தும் இருக்குமாம். தோலில் இருக்கிற ஒரு பூஞ்சைக்கு அந்த எண்ணெய்தான் சாப்பாடாம், நீங்க மேக்கொண்டு வேற விருந்து வச்சிருக்கீங்கன்னார்.  நாற்பது வருஷமாக எண்ணெய் ஆட்டுகிறேன், அது எங்கே தங்கும், எங்கே இறங்கும் என்று தெரியாமலேதான் ஆட்டியிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து காவ்யா, தாத்தா, தேவி அத்தையும் பொங்கலுக்கு இதத்தான சொன்னாங்க, நீங்கதான் கத்துனீங்கன்னு டாக்டருக்கு முன்னாடியே போட்டு உடைத்துவிட்டாள்.

மருந்து ஷாம்பு எழுதிக்கொடுத்தார், வாரம் இரண்டு தடவை, முடியில் இல்லை தோலில் படும்படி தடவி, ஐந்து நிமிஷம் விட்டு, நகம் படாமல் விரல் நுனியால் தேய்த்து நன்றாக அலசச் சொன்னார். மீதி இருந்த லீவில் நானேதான் அதைச் செய்தேன், உன் அம்மா பக்கத்தில் நின்று ஈரத்தில் கண்டிஷனர் போட்டு, பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே சிக்கெடுத்தாள். மூன்று வாரத்தில் தோல் தெளிந்துவிட்டது. வீட்டுக்குள் நாலு சீப்பு உடையாமல் ஒரு சுருட்டை முடியை வாரலாம் என்று அறுபத்திரண்டு வயதில் தெரிந்துகொண்டேன். காவ்யாவின் வகிட்டில் ஷாம்பைத் தடவிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் என் கைக்குக் கீழே உன் தலைதான் இருந்தது ஆத்தா.

உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, அம்மா அப்போது முந்திரிக் கம்பெனிக்கு விடிகாலையில் போய்விடுவாள், நாலாம் வகுப்பிலிருந்து உனக்குத் தலை பின்னிவிட்டது நான்தான். செக்கு வாசலில் கொப்பரை மூட்டை மேல் உன்னை உட்கார வைத்து, ஏழே முக்கால் பஸ் வருவதற்குள் ரெட்டை ஜடை போட வேண்டும். ஒரு முடி வெளியே தெரிந்தாலும் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் திட்டுவார் என்று எண்ணெயை ஊற்றிப் படிய வைத்து, நெற்றித் தோல் மேலே ஏறுகிற மாதிரி இழுத்துப் பின்னி, ரிப்பனை மூட்டை வாய் கட்டுகிற மாதிரி ஒரு கட்டுக் கட்டுவேன். சாயங்காலம் அம்மா வந்து கத்தரியால் ரிப்பனை வெட்டித்தான் எடுப்பாள். எத்தனை ரிப்பன் வீணாகப் போயிருக்கும். ஆனால் அந்தக் காலை நேரம்தான் ஆத்தா என் வாழ்க்கையிலேயே நல்ல நேரம். வாய்ப்பாடு ஒப்பிப்பாய், டீச்சர் மாதிரி நடித்துக் காட்டுவாய், பஸ் ஹார்ன் கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாய், என் கையெல்லாம் எண்ணெயும் உன் முடியுமாக இருக்கும். அவ்வளவு சந்தோஷமாக இருந்ததால்தானோ என்னவோ நீ அழுததை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எரியுதுப்பா என்பாய், எண்ணெய் பத்தல ஆத்தா அதான்னு இன்னும் ஒரு கை ஊற்றுவேன். நெற்றி ஓரத்தில் உனக்கு முடி ஏறிப்போய் இருப்பது பிறவியிலேயே அப்படி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இறுக்கி இறுக்கிக் கட்டினால் அந்த இடத்தில் வேர் செத்துப்போகும் என்று டாக்டரம்மா சொன்னார், அதை நானே செய்திருக்கிறேன்.

இதையெல்லாம்கூட அறியாமல் செய்தது என்று சொல்லிவிடலாம். எட்டாம் வகுப்புக் காலாண்டு லீவில் செய்ததை அப்படிச் சொல்ல முடியாது. மண்டை பூராவும் புண்ணாக இருந்தபோது, மொட்டை போட்டா முடி நேரா வளரும், புண்ணும் ஆறும்னு ஆளாளுக்குச் சொன்னார்கள். குலதெய்வம் கோயிலில் நீ தூணைக் கட்டிக்கொண்டு, வேணாம்ப்பா, வேணாம்ப்பா, பள்ளிக்கூடத்துல சிரிப்பாங்கன்னு கத்தினாய். நான்தான் உன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பதின்மூன்று வயதுப் பிள்ளை. அந்த வருஷம் பள்ளியில் சித்தன்னவாசலுக்கு டூர் கூட்டிப்போனார்களே, அந்த குரூப் போட்டோ இன்னும் அலமாரியில் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் வெயிலில் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள், நீ மட்டும் கடைசி வரிசையில் தாவணியைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு வேறு எங்கோ பார்க்கிறாய். என் மகள் எவ்வளவு அடக்கம் பாருங்க என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைக் காட்டியிருக்கிறேனே, என்ன மடையன் நான். முடியும் நேராகவா வளர்ந்தது, முன்னைவிடச் சுருட்டையாக வந்தது, அதற்கும் சிரித்தேன்.

அம்மாவைப் பற்றி ஒரு விஷயம். பிள்ளை பிறந்ததும் உச்சிக்குழியில் எண்ணெய் வைத்துக் குளிப்பாட்ட வேண்டும் என்று அவள் இப்போதே கையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அங்கே இருக்கிற டாக்டர் என்ன சொல்கிறாரோ அதையே செய், அவள் மூக்கைச் சிந்தினால் இந்தக் கடிதத்தைக் காட்டு, அப்பாவே வேண்டாமென்று எழுதியிருக்கிறார் என்று சொல். அவள் பெட்டியில் ஒளித்து வைத்திருந்த எண்ணெய்க் கேனை நேற்று நான்தான் வெளியே எடுத்தேன். வீம்பில் எடுத்ததாக நினைக்காதே, குழம்புக்கு வேண்டுமானால் சொல், அனுப்புகிறேன். பிரசவமாகி மூன்று நாலு மாதத்தில் உனக்குக் கொத்துக் கொத்தாக முடி கொட்டும், அது எல்லோருக்கும் உள்ளதுதான், திரும்ப வளர்ந்துவிடும் என்று டாக்டரம்மா சொன்னார், பயந்துவிடாதே. தலை ஈரமாக இருக்கும்போது குளிர்த் தொப்பி போடாதே, கொண்டையை இறுக்கிப் போடாதே. பாரு, மறுபடியும் உனக்கே பாடம் எடுக்கிறேன், இதெல்லாம் நீ எனக்குச் சொல்ல வந்தது, நான்தான் கேட்கவில்லை.

பேசிய பேச்சுக்கும், அந்தக் கோயிலில் செய்ததற்கும் அப்பாவை மன்னித்துக்கொள் ஆத்தா. மகளிடம் போய் மன்னிப்புக் கேட்பதா என்று எட்டு மாதம் ஓட்டிவிட்டேன், இனி முடியவில்லை. நீ வருகிற வீடு இது, எண்ணெய் வைத்தாலும் வைக்காவிட்டாலும் உன் வீடு. தாயும் பிள்ளையும் நல்லபடியாக இரண்டு உயிராகப் பிரிந்து, குறையில்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம் சொல். அம்மா முழங்கால் மாத்திரையைச் சாப்பிட மறந்துவிடுவாள், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, நீதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அப்புறம், கொப்பரை மூட்டையில் உட்கார்ந்து அழுத பிள்ளையிடம் எங்கே வலிக்குது, எவ்வளவு வலிக்குதுன்னு நான் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். அம்மா வந்து சேர்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுச் சொல், எல்லாத்தையும் சொல், திட்டிச் சொன்னாலும் சரி. நான் குறுக்கே பேச மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆ. குழந்தைசாமி