பாட்டை நிறுத்திச் சொன்ன கடல் சேதி

ஐப்பசி, புதன்கிழமை இரவு

எங்கள் எஃப்.எம். தொடங்கியபோது நேயர் விருப்பம், பழைய பாட்டு, காலையில் மீனவர்களுக்குக் கடல் நிலவரம் எல்லாம் இருந்தன. சென்னைத் தலைமையகம் சொன்னபடி, இந்தத் திங்கட்கிழமையிலிருந்து புதுப்பாட்டு மட்டும்தான். அறிவிப்பாளர்கள் நாங்கள் இரண்டு வரிக்கு மேல் பேசக்கூடாது.

இன்று விடியற்காலை நிகழ்ச்சியில் இருந்தபோது, காலாப்பட்டில் மீன் விற்கும் செல்வி அக்கா போன் செய்தார். பல வருட நேயர்.

"ஏம்மா, கடல் சேதிய நிறுத்திட்டீங்க? எங்க ஊட்டுக்காரரு கடலுக்குக் கெளம்பிட்டிருக்காரு. காத்து எப்படியாம்?"

பலத்த காற்று வீசும், கடலுக்குப் போக வேண்டாம் என்ற வானிலை மைய எச்சரிக்கை என் போனில் இருந்தது. அவரிடம் மட்டும் சொல்லிவிட்டு வைக்க மனம் வரவில்லை. பாட்டை நிறுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தேன்.

பிறகு மேனேஜர் கூப்பிட்டார். "பாட்டு கேக்குறவங்களுக்குக் கடல் சமாச்சாரம் எதுக்கும்மா? நாளையிலேர்ந்து காலை நிகழ்ச்சி சென்னையிலேர்ந்தே வரும். நீ விளம்பரத்துக்குக் குரல் குடு, போதும்."

பகல் முழுக்கக் காற்றே வரவில்லை. அவசரப்பட்டுவிட்டோமோ என்று அந்த எச்சரிக்கையைப் போனில் மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

சாயங்காலம் அக்காவே மறுபடி அழைத்தார்.

"நீ சொன்னேன்னு எங்க தெருவுல ஒருத்தரும் போகல. ஒரு நாள் பொழப்பு போச்சு."

"மன்னிச்சுக்குங்கக்கா."

"அட, அதுக்கென்ன? ஆளு ஊட்டுலதான இருக்காரு. நாளைக்கும் மறக்காம சொல்லு."

சரி என்று சொல்லிவிட்டேன். சென்னைக் குரல் அதைச் சொல்லாது. அக்காவின் நம்பர் என்னிடம் இருக்கிறது. விடிவதற்குமுன் எழுந்து நானே கூப்பிட வேண்டும். தெருவுக்கு அவர் சொல்லிக்கொள்வார்.