இடது கால், ஒன்று

மார்ச் 2, திங்கள்

கால் முடிந்துவிட்டது. சாயங்காலம் பட்டறையில் விளிம்பைக் கடைசித் தடவையாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். நாலு பேர் வந்து தடவிப் பார்த்து "நல்லா வந்திருக்கு" என்றார்கள். நல்லா வராமல் எங்கே போகும்? இந்த ஆஸ்பத்திரிப் பட்டறையில் பதினேழு வருஷமாகச் செயற்கைக் கால் செய்கிறேன். இதுவரை செய்ததெல்லாம் யார் யாருக்கோ. இது என் தம்பிக்கு.

ஏழு மாதம் முன்னால், அவன் வேலை பார்க்கும் வெளிநாட்டுக் கிடங்கில் இரும்பு விட்டம் சரிந்து, இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. அங்கே ஆஸ்பத்திரியில் கால் கிடைக்க வரிசை. அவன் முறை வர இன்னும் நாலு மாதம். கம்பெனியோ இந்த மாதம் இருபதாம் தேதி டாக்டரை வைத்துப் பார்க்கப்போகிறது. ஊன்றுகோல் இல்லாமல் நடந்து காட்டினால் கிடங்கு ஜன்னலில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலை. இல்லாவிட்டால் மூட்டை கட்டி அனுப்பிவிடுவார்கள்.

"அங்க வந்து என்னக்கா பண்ணுவேன்? எல்லாரும் ஐயோ பாவம்னு பாக்க வருவாங்க. படுத்துக் கிடப்பேன்." போனில் இதையேதான் சொல்கிறான். அதனால் நான் போகிறேன், காலோடு.

அளவு எடுத்ததே ஒரு கூத்து. அவனுடைய அறைத்தோழன் ஒருத்தன், சுருட்டை முடி, பெயரும் சுருட்டை. நான் போனில் கத்தக் கத்த அவன்தான் மாவுக்கட்டு சுற்றி அச்சு எடுத்தான். அந்த அச்சை விடுப்பில் வந்த இன்னொருத்தன் பையில் கொண்டுவந்தான். நம் ஊர் சுங்கத்தில் "இதென்ன?" என்று கேட்டதற்குப் "பூந்தொட்டி" என்று சொன்னானாம். வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 5, வியாழன்

டிக்கெட் வாங்கப் போனேன். ஏஜென்ட் நல்ல மனுஷர்தான், யோசனை சொல்லாமல் இருக்க முடியாது அவரால்.

"சுங்கத்துல ஒரு படிவம் குடுப்பாங்கம்மா. எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு டிக் போட்டுட்டு, பச்சை வழியில விறுவிறுன்னு நடந்து போயிருங்க."

"பெட்டியில கால் இருக்கே."

"யாரும் கேக்க மாட்டாங்க. கேட்டா, துணிக்கடை பொம்மைக்குன்னு சொல்லிடுங்க."

பூந்தொட்டி, இப்போது பொம்மை. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு டிக்கெட்டை வாங்கி வந்தேன்.

வீட்டில் சொன்னால் இவரும் அதே பாட்டு. "எதுக்குடி வம்பு? நாலு எழுத்து மாத்தி எழுதினா குடியா முழுகிடும்?"

"முழுகும். பொய்னு கண்டுபிடிச்சா காலைப் பிடுங்கி வெச்சுக்குவாங்க. அப்புறம் தம்பி பூந்தொட்டியை மாட்டிக்கிட்டா நடப்பான்?"

அவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். ஆனால் பயம் மட்டும் காரணமில்லை, இங்கே எழுதிவைக்கிறேன். என்னிடம் கால் வாங்கிப் போகிறவர்கள் எல்லோரும் அதை மறைக்கத்தான் பார்க்கிறார்கள். பேன்ட்டுக்குள், காலுறைக்குள். அது அவர்கள் இஷ்டம். செய்தவள் நான் எதற்கு மறைக்க வேண்டும்?

மார்ச் 9, திங்கள்

பெட்டியில்: கால் ஒன்று. ரப்பர்ப் பாதம் தேய்ந்தால் மாட்ட மாற்றுப் பாதம் ஒன்று. தம்பியின் வெட்டுப்பட்ட கால் முனைக்குப் போடும் கம்பளி உறை பன்னிரண்டு. அச்சு எடுத்து மூன்று வாரம் ஆகிவிட்டது, அதற்குள் முனை வற்றியிருக்கும். கால் தொளதொள என்று ஆடினால் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுத்தான் சரிக்கட்ட வேண்டும். எனக்கு மாற்றுத்துணி மூன்று செட். பெட்டி நிறைந்துவிட்டது.

மார்ச் 11, புதன், விமானத்தில்

படிவம் கொடுத்தார்கள். பக்கத்து இருக்கை இளைஞன் மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் 'இல்லை' போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். நான் ஒவ்வொன்றாகப் படித்தேன்.

விற்பனைக்கான பொருள்? இல்லை. மரத்தாலான பொருள்? உண்டு, பாதத்துக்குள் கட்டை இருக்கிறதே. மருத்துவச் சாதனம்? உண்டு. பிறருக்காகக் கொண்டுவரும் பொருள்?

இங்கேதான் பேனா நின்றது. தம்பி பிறரா? நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். 'இல்லை'க்குத்தான் கை போனது. ஆனால் நடக்கப்போகிறவன் அவன், நான் இல்லை. உண்டு என்று போட்டேன்.

மதிப்பு என்ற இடத்தில் சாமான் விலையை மட்டும் எழுதினேன். என் உழைப்புக்கு விலை கேட்க இவர்கள் யார்?

பொருளின் பெயர்: இடது கால். எண்ணிக்கை: ஒன்று.

இளைஞன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, இன்னொண்ணு எங்கேன்னு கேப்பாங்க."

மார்ச் 12, வியாழன்

காலை வைத்துக்கொண்டார்கள். பாவிங்க.

சொல்ல வேண்டிய பொருள் வைத்திருப்பவர்கள் போகும் சிவப்பு வழியில் நானாகத்தான் போனேன். படிவத்தைப் பார்த்த அதிகாரி, தடிக் கண்ணாடி போட்டவர், பெட்டியை அப்படியே இயந்திரத்துக்குள் அனுப்பினார். திரையில் பாதத்துக்கு நடுவே கறுப்பாக ஏதோ தெரிந்தது. என்ன என்று கேட்டார். மரம் என்றேன். என் அரைகுறை ஆங்கிலம் அவருக்கு ஏறவில்லை. தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி நம் பேச்சு தெரிந்தவள். கையிலிருந்ததைச் சுவரில் சாத்திவிட்டு நடுவில் வந்து நின்றாள். அதற்குள் கண்ணாடிக்காரர் டிரில்லைக் கொண்டுவந்துவிட்டார். துளை போட்டுப் பார்க்க வேண்டுமாம்.

நான் இரண்டு கையையும் பெட்டிமேல் வைத்துக்கொண்டேன். "துளை போட்டா தண்ணி இறங்கும். கட்டை ஊதிப்போகும். ஒரே மாசத்துல பாதம் பிளந்துடும். போட்டுத்தான் ஆகணும்னா என் கையில போடச் சொல்லுங்க."

கடைசி வரியை அவள் மொழிபெயர்த்தாளா என்று தெரியவில்லை. கண்ணாடிக்காரர் டிரில்லைக் கீழே வைத்தார். பெட்டியில் இருந்த கால், பாதம், உறை எல்லாவற்றையும் எடுத்து முத்திரை வைத்து, ஒரு ரசீது கொடுத்தார். மேல் பரிசோதகர் விடுப்பில் இருக்கிறார், பத்து நாள் ஆகும்.

பத்து நாள் என்றால் இருபத்திரண்டு. தம்பிக்கு இருபதாம் தேதி.

இல்லைன்னு எழுதியிருக்கலாமோ? இல்ல, எழுதியிருக்கக் கூடாது. சரிதான். ஆனா வெறும் பெட்டியோட அவன் முகத்துல எப்படி முழிக்கிறது?

மார்ச் 13, வெள்ளி

நாலு கட்டில் போட்ட அறை; நான் இருக்கும்வரை மற்ற மூவரும் வராந்தாவில் படுத்துக்கொள்கிறார்கள். தம்பியுடையது சுவரோரம். இந்தப் புழுக்கத்திலும் இடுப்புவரை போர்வை. ஏழு மாதத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனதைத் தவிர வாசலைத் தாண்டவில்லையாம். சாப்பாடு, துணி, எல்லாம் சுருட்டைதான்.

போர்வையை விலக்கி முனையைப் பார்த்தேன். நினைத்தபடியே வற்றியிருக்கிறது. புண் இல்லை. கட்டு ஒழுங்காகச் சுற்றியிருக்கிறான் சுருட்டை; நம் பட்டறையில் இருக்க வேண்டிய பையன்.

ரசீதைக் காட்டினேன். தம்பி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "நீ ஒண்ணும் எழுதாம வந்திருந்தா வந்து சேந்திருக்கும்க்கா."

வேறு யார் சொல்லியிருந்தாலும் நாலு கொடுத்திருப்பேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன். பிறகு பஸ் பிடித்து விமான நிலையச் சுங்க அலுவலகம் போய், மூடும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னவென்று கேட்கவில்லை. கேட்காவிட்டால் போகட்டும், என்னைப் பார்த்துக்கொண்டாவது இருக்கட்டும்.

மார்ச் 15, ஞாயிறு

இரண்டு நாளாக அலுவலகம் விடுமுறை. அம்மா போன் பண்ணினாள். "கால் சரியா இருக்காடி?" "கச்சிதமா இருக்கும்மா" என்றேன். அரசாங்கத்திடம் சொல்லாத பொய்யைப் பெற்றவளிடம் சொல்லியாயிற்று.

மார்ச் 16, திங்கள்

என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம். மாற்றுப் பாதம்!

மறுபடி அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது உறைத்தது. அன்றைக்கு இருந்த ஆத்திரத்தில் இரண்டு பாதத்துக்கும் சேர்த்தே காவல் நின்றிருக்கிறேன். ஓடிப்போய்த் தரை துடைக்கிற அம்மாவைப் பிடித்தேன். "மாத்துப் பாதத்தைத் துளைச்சுப் பாக்கச் சொல்லுங்க. ரெண்டும் ஒரே வார்ப்பு. அப்புறம் ரெண்டையும் எடை போடட்டும்."

கண்ணாடிக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். துளைத்தார். மேசையெல்லாம் மரத்தூள். ஒரு சிட்டிகை எடுத்து மோந்துகூடப் பார்த்தார். காலிலிருந்து பாதத்தைக் கழற்றி நானே தராசில் வைத்தேன். தூளையும் கணக்கில் சேர்த்தால் இரண்டும் ஒரே எடை. முதல் தடவையாகச் சரி என்று தலையை ஆட்டினார்; மேல் பரிசோதகர் வரும்வரை காத்திருக்க வேண்டாமாம்.

முடிந்தது என்று பெட்டியை மூடப் போனேன். படிவத்தில் ஒரு வரியில் விரலை வைத்தார்: பிறருக்காகக் கொண்டுவரும் பொருள், உண்டு. அப்படியானால் அந்தப் பிறர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

"'எனக்கு'ன்னு எழுதியிருந்தா இப்பவே எடுத்துட்டுப் போயிருக்கலாமாம்" என்றாள் அந்த அம்மா, பாவமாக.

மார்ச் 17, செவ்வாய்

வரமாட்டானாம்.

"விமான நிலையம்க்கா. ஆயிரம் பேர் இருப்பாங்க. எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டும்."

"உனக்கென்ன, ரெண்டு கால்ல நிக்கிற."

அந்தச் சொல்லுக்குப் பிறகு என்னால் மெதுவாகப் பேச முடியவில்லை. சுருட்டை மெல்ல வெளியே நழுவிவிட்டான். "ஆமாடா, ரெண்டு கால்லதான் நிக்கிறேன். ஒருத்தன்கிட்டயும் பொய் சொல்லாம, உன் காலை உன் காலுன்னே எழுதிக் கொண்டுவந்தேன். அதை உன்னுதுன்னு சொல்ல உனக்கு வெக்கமா? சரி, வராத. அந்த ஏஜென்ட் சொன்ன மாதிரி துணிக்கடை பொம்மைக்கே மாட்டிட்டுப் போறேன். அதாவது தைரியமா ஜன்னல்ல நிக்கும்."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. ரொம்பப் பேசிட்டேன். பேசியிருக்கக் கூடாது. ஆனா வேற என்னதான் பண்றது?

மார்ச் 18, புதன்

நான் எழுந்தபோது அவன் குளித்து, சட்டை மாற்றி, பேன்ட்டின் இடது காலை மடித்து ஊக்கு குத்தி, கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். "வண்டி சொல்லியாச்சு" என்றான். அவ்வளவுதான்.

வண்டி நின்ற இடத்திலிருந்து அலுவலகம் வரை நல்ல தூரம். பார்த்தார்கள்தான். ஒரு குழந்தை திரும்பித் திரும்பிப் பார்த்தது. தம்பி நேராகப் பார்த்துக்கொண்டு ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி நடந்தான். அவன் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. நான் கை கொடுக்கவில்லை. கேட்கவும் இல்லை அவன்.

கண்ணாடிக்காரர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், காலைப் பார்த்தார். உங்களுடையதுதானா என்று கேட்டிருப்பார் போல. தம்பிக்கு அந்த மொழி தெரியும். பதிலுக்குப் பெஞ்சில் உட்கார்ந்தான். ஊக்கைக் கழற்றினான். வரிசையில் நின்ற அத்தனை பேர் எதிரிலும் காலில் சுற்றியிருந்த கட்டைப் பிரித்தான்.

"மாட்டுக்கா."

ஒரு உறை போட்டேன், ஆடியது. இரண்டு போட்டேன், இன்னும் கொஞ்சம் ஆடியது. மூன்றாவதில் கச்சிதமாக உட்கார்ந்தது. பட்டையை இறுக்கினேன். மேசை விளிம்பைப் பிடித்து எழுந்தான். முகம் வெளுத்தது, உதட்டைக் கடித்துக்கொண்டான், ஆனால் நின்றான். நின்றபடியே கையெழுத்துப் போட்டான்.

தரை துடைக்கிற அம்மா மஞ்சள் பலகையை இழுத்து ஓரமாக வைத்தாள். "இந்தப் பக்கம் ஈரமா இருக்கு தம்பி, பாத்து."

அழுதேன். யார் பார்த்தால் என்ன. பிறகு, முதல் நாள் பத்து நிமிஷத்துக்கு மேல் போடக் கூடாது என்று திட்டிக் கழற்ற வைத்தேன்.

மார்ச் 19, வியாழன்

பத்து பத்து நிமிஷமாக ஆறு தடவை. தோல் சிவந்திருக்கிறது, கிழியவில்லை. சுருட்டை வராந்தாவில் சாக்கட்டியால் கோடு போட்டுக் கொடுத்தான்.

மார்ச் 20, வெள்ளி

டாக்டர் அறை வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். என்னை உள்ளே விடவில்லை. ஊன்றுகோல் இரண்டையும் என் மடியில் போட்டுவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போனான். அரை மணி ஆகிறது. விழுந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும். கேட்டிருக்கும் இல்லையா?

ஏப்ரல் 4, சனி, விமானத்தில்

ஏறும்போதே கூத்து. என் கையில் ஊன்றுகோலைப் பார்த்துச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்கள். வேண்டாம் என்றால் நம்பவில்லை. நாலு அடி வேகமாக நடந்து காட்ட வேண்டியதாயிற்று.

தம்பி விமான நிலையத்துக்கு நேரே வேலையிலிருந்து வந்தான், கிடங்குச் சட்டையோடு. வாசலோடு திரும்பிப் போகச் சொன்னேன், கேட்கவில்லை. உள்ளே வரிசை முடியும்வரை கூடவே வந்தான். கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கிறான். இடுப்பைச் சாய்க்காதே என்று ஆயிரம் தடவை சொல்லியாயிற்று. கடைசியாகவும் அதைத்தான் சொன்னேன்.

இப்போது நம் ஊர்ப் படிவம். பொருளின் பெயர்: ஊன்றுகோல். எண்ணிக்கை: இரண்டு. நிலை: பயன்படுத்தியது. பிறருக்காகக் கொண்டுவருவதா? உண்டு. பட்டறையில் அடுத்து யார் வருகிறார்களோ அவர்களுக்கு.

பக்கத்து இருக்கைப் பெண் ஓரக்கண்ணால் என் கால்களைப் பார்த்தாள். கேட்கவும் முடியவில்லை, கேட்காமலும் இருக்க முடியவில்லை அவளுக்கு.

"என்னுது இல்லைங்க" என்றேன். "என் தம்பியோடது. அவனுக்கு வேணாமாம்."